ஐயம் வேறு, ஆய்வு வேறு
(புள்ளிவிவரம் பற்றிய இரு நூல்கள்: ஒரு திறனாய்வு)

எண்ணையும் எழுத்தையும் இரண்டு கண்களாகப் போற்றியது தமிழ் மரபு. ஆயினும் நாள்தோறும் செய்தித்தாளை விரிக்கும் தமிழர் பலர் எழுத்துக்குக் காட்டும் விழிப்பை எண்ணுக்குக் காட்டுவதில்லை. ஒரு சொல் பிழைபட அச்சாகிவிட்டால் ஆசிரியருக்குக் கடிதம் பறக்கிறது. ஓரிடத்தில் வல்லொற்று மிகுமா, மிகாதா என்று வாரக்கணக்கில் வாதம் நடக்கிறது. அதே பக்கத்தில் ‘இருமடங்கு’ என்றும், ‘நாற்பது விழுக்காடு’ என்றும், ‘சராசரி வருமானம்’ என்றும் வரும் எண்களோ எவருடைய வினாவுக்கும் ஆளாகாமல் கடந்து போகின்றன. எண் என்றால் அது முன்பே எண்ணி முடிக்கப்பட்டது, இனி அதில் பேச என்ன இருக்கிறது என்னும் மயக்கமே இதற்குக் காரணம்.

இம்மயக்கத்துக்கு நேர்மாறான மற்றொரு மயக்கமும் உண்டு. ‘புள்ளிவிவரமெல்லாம் பொய், யாரும் எப்படியும் திரித்துக்கொள்ளலாம்’ என்று கைவீசி ஒதுக்குவது அது. முன்னதை உலகம் பேதைமை என்று எள்ளுகிறது. பின்னதை அறிவின் அடையாளமாக மதிக்கிறது. ஆனால், இரண்டிலும் எண்ணைச் சோதித்துப் பார்க்கும் உழைப்பு இல்லை. அவ்வகையில் இரண்டும் ஒரே குற்றந்தான். இவ்வுண்மையை அறிய, ஆங்கிலத்தில் 66 ஆண்டு இடைவெளியில் வெளிவந்த இரண்டு நூல்களையும், அவற்றின் நடுவே நிகழ்ந்த ஒரு வரலாற்றையும் சேர்த்துப் பார்ப்பது நன்று.

புகழ்பெற்ற சிறு நூல்

முதல் நூல் 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. ‘புள்ளிவிவரத்தால் பொய் சொல்வது எப்படி’ என்பது அதன் பெயர். எழுதியவர் டேரல் ஹஃப். அவர் கணித அறிஞர் அல்லர், பத்திரிகை எழுத்தாளர். சிறிய நூல், பத்தே அத்தியாயங்கள், பக்கத்துக்குப் பக்கம் வேடிக்கைச் சித்திரங்கள். புள்ளிவிவரம் பற்றிய நூல்களில் அதுபோல் விற்பனையான நூல் வேறில்லை என்று கூறுமளவுக்கு இலட்சக்கணக்கில் அது பரவியது.

அந்நூலின் சிறப்பை மறுப்பதற்கில்லை. 1924ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்களின் சராசரி ஆண்டு வருமானம் 25,111 டாலர் என்று ஒரு பத்திரிகை எழுதியதை ஹஃப் முதல் அத்தியாயத்திலேயே எடுத்துக்கொள்கிறார். இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னர் யாருடைய முகவரி கிடைத்திருக்கும்? கிடைத்தவருள் யார் விடை எழுதியிருப்பர்? எழுதியவருள் யார் உள்ளதை உள்ளபடி எழுதியிருப்பர்? முகவரி தெரியாமற் போனவர்கள் வாழ்வில் நொடித்தவர்களாகவும் இருக்கலாமன்றோ? இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக வினா எழுப்பும்போது, 25,111 என்னும் அந்த ஒன்று பிசகாத எண் படிப்பவர் கண்முன்னே கரைந்து போகிறது.

‘சராசரி’ என்னும் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் வேறுபாடுகளையும் அவர் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறார். அதை எளிதாக இப்படிச் சொல்லலாம். ஒரு சந்தில் பத்து வீடுகள். ஒன்பது வீட்டாருக்கு மாதம் ஆயிரம் வெள்ளி சம்பளம். பத்தாம் வீட்டாருக்கு 21,000 வெள்ளி. கூட்டிப் பத்தால் வகுத்தால் சராசரி 3,000 வெள்ளி. அந்தச் சந்தில் 3,000 வெள்ளி சம்பாதிப்பவர் ஒருவர்கூட இல்லை! வரிசைப்படி நிற்கவைத்து நடுவில் நிற்பவரைக் கேட்டால் ஆயிரம் என்பார். இரண்டு எண்ணும் சரியே. செய்தியில் எதைத் தந்தார்கள் என்று கேட்காதவர் ஏமாறுவார்.

நூலின் முடிவில் ஹஃப் ஐந்து வினாக்களை வகுத்துத் தருகிறார். சொல்பவர் யார்? அவருக்கு அது எவ்வாறு தெரியும்? விடுபட்டது என்ன? நடுவில் பேச்சை மாற்றினார்களா? இவையெல்லாம் அறிவுக்குப் பொருந்துகின்றனவா? ஐந்து விரல்போல் ஐந்து வினாக்கள். வகுப்பறைக்கு இவற்றினும் எளிய கருவி கிடைப்பது அரிது.

இவ்வினாக்கள் எத்துணைப் பயனுடையவை என்பதற்கு ஒரு சான்று. 1995 அக்டோபரில், புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் சில இரத்தக் குழாயில் கட்டி ஏற்படும் ஆபத்தை இருமடங்காக்குகின்றன என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. ஏடுகள் ‘இருமடங்கு’ என்பதைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டன. பெண்கள் பலர் அஞ்சி மாத்திரையைக் கைவிட்டனர். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. ‘இருமடங்கு’ பொய்யன்று. முன்பு 7,000 பெண்களுள் ஒருவருக்கு இருந்த ஆபத்து, 7,000 பெண்களுள் இருவருக்கு என்றாயிற்று, அவ்வளவே. அந்த இரத்தக்கட்டி ஆபத்து கருவுற்ற நிலையில் அதனினும் மிகுதி. ‘விடுபட்டது என்ன?’ என்னும் மூன்றாம் வினாவைக் கேட்டு, எதனுடைய இருமடங்கு என்ற ஒரு வரியையும் சேர்த்து வெளியிட்டிருந்தால் அவ்வளவு கலக்கம் நேர்ந்திராது.

இத்தகைய வினாக்களைத் தந்த நூலில் குறையென்று ஒன்று உண்டா எனின், உண்டு. ஹஃப் காட்டும் எடுத்துக்காட்டுகள் ஏறத்தாழ எல்லாமே ஏமாற்றுகள். எண்ணைக் கொண்டு ஒருவன் பொய்யைப் பரப்பிய கதை பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. கண்ணுக்குப் புலப்படாத ஓர் உண்மையை எண்ணைக் கொண்டே ஒருவன் கண்டறிந்த கதை தேடினாலும் அகப்படுவது அரிது. படித்து முடிப்பவர் ஐயப்படக் கற்றுக்கொள்கிறார். எந்த இடத்தில் ஐயம் தீர்ந்து நம்பிக்கை பிறக்கவேண்டும் என்பதைக் கற்றுக்கொள்வதில்லை. இக்குறை நூலோடு நின்றிருந்தால் பெரிதன்று. நூலாசிரியர் வாழ்க்கையிலேயே அது வினையாக முடிந்தது.

எண் கண்ட உண்மை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்களாகப் பதிவானோர் 1922இல் 612 பேர். 1947இல் 9,287 பேர். இருபத்தைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ பதினைந்து மடங்கு! காரணம் காணும் பணியை மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ரிச்சர்டு டால், ஆஸ்டின் பிராட்ஃபர்டு ஹில் என்னும் இருவரிடம் ஒப்படைத்தது. அவர்கள் லண்டன் மருத்துவமனைகள் இருபதில் நோயாளிகளை விசாரித்து, 1950இல் முடிவை வெளியிட்டனர். நுரையீரல் புற்றுநோய் கண்ட ஆண்கள் 649 பேருள் புகைக்காதவர் இருவர். வயதொத்த பிற நோயாளிகள் 649 பேருள் புகைக்காதவர் 27 பேர்.

அதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1951இல் பிரிட்டனின் மருத்துவர்கள் ஏறத்தாழ 60,000 பேருக்குக் கடிதம் எழுதினர். 40,000க்கும் மேற்பட்டோரிடமிருந்து விடை வந்தது. அவர்கள் புகைப்பழக்கத்தைக் குறித்து வைத்துக்கொண்டு காலம் தரும் விடைக்குக் காத்திருந்தனர். முதற்கட்ட அறிக்கை ஹஃப்பின் நூல் வெளிவந்த அதே 1954ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதுவரை அம்மருத்துவர்களுள் நுரையீரல் புற்றுநோயால் இறந்த ஆண்கள் 36 பேர். அனைவரும் புகைபிடித்தவர்கள்.

அதே 1954 சனவரி 4ஆம் நாள், அமெரிக்கச் சிகரெட்டு நிறுவனங்கள் ஒன்றுகூடி நானூறுக்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் முழுப்பக்க அறிவிப்பு ஒன்றை வெளியிட்டன. புகைப்பதால் புற்றுநோய் வருகிறது என்பதற்கு ஐயந்திரிபற்ற சான்று இல்லை என்பதே அதன் சாரம். ஆராய்ச்சியைப் பொய்யென்று மெய்ப்பிக்க அவர்கள் முனையவில்லை. மக்கள் மனத்தில் ஐயம் நிலவினாற் போதும், வாணிகம் நடக்கும். ஐயமே தங்கள் சரக்கு என்று அத்தொழிலைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் உட்குறிப்பே 1969இல் எழுதிவைத்தது.

நாரையின் சாட்சி

1964 சனவரியில் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி, புகைத்தல் நுரையீரல் புற்றுநோயை விளைவிக்கிறது என்று அறிக்கை வெளியிட்டார். சிகரெட்டுப் பெட்டியில் எச்சரிக்கை பொறிக்கும் சட்டம் குறித்து 1965 மார்ச்சில் செனட் சபைக் குழு சாட்சிகளை விசாரித்தது. சிகரெட்டுத் தொழிலாளருக்காக அன்று, சிகரெட்டு முதலாளிகளுக்காகச் சாட்சி கூற வந்தவர்களுள் ஒருவர், டேரல் ஹஃப்!

ஐரோப்பிய நாட்டார், குழந்தையை நாரை கொண்டுவந்து போடுவதாகப் பிள்ளைகளிடம் கதை சொல்வர். சத்திமுற்றப் புலவர் தம் மனைவிக்குத் தூதுவிட்ட செங்கால் நாரைதான் அது. தமிழ்நாட்டில் வறுமையைச் சொல்லச் சென்ற பறவை அங்கே குழந்தையைச் சுமக்கிறது. நாரை மிகுந்த நாடுகளில் பிறப்பும் மிகுந்திருக்கக் காணலாம். பெரிய நாட்டில் இரண்டுமே மிகுதி. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் அன்று. இரண்டு செய்திகள் சேர்ந்து வருவதால் மட்டும் ஒன்றை மற்றொன்றின் காரணமாகக் கொள்ளலாகாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. அதையே ஹஃப் செனட் சபையில் பயன்படுத்தினார். புகைக்கும் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பு, நாரைக்கும் குழந்தைக்குமுள்ள தொடர்பைப் போன்றதுதான் என்று உண்மையாகவே கருதுகிறீரா என்று செனட்டர் மவுரீன் நியூபர்கர் கேட்டார். இரண்டும் ஒன்றுபோலவே தமக்குத் தோன்றுவதாக ஹஃப் விடையளித்தார்.

அவர் புகையிலைத் தொழிலிடம் பணம் பெற்றிருந்தார் என்பதும், புகைத்தல் பற்றிய புள்ளிவிவரங்களை எள்ளும் மற்றொரு நூலை எழுதிவந்தார் என்பதும் பிற்காலத்தில் வெளியான ஆவணங்களால் தெரியவந்தன. அந்நூல் வெளிவரவேயில்லை. 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி பெட்டியில் ஏறிய எச்சரிக்கையோ, புகைத்தல் உடல்நலத்துக்குத் தீங்காகலாம் என்னும் மெல்லிய குரலாகவே அமைந்தது.

ஐந்து வினா, ஐந்து விடை

பணம் வாங்கினார் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அது திறனாய்வாகாது. அவருடைய ஐந்து வினாக்களையே டால், ஹில் ஆகியோரின் எண்களிடம் கேட்டுப் பார்ப்பதே முறை.

சொல்பவர் யார்? விற்பதற்குச் சரக்கேதும் இல்லாத இரண்டு ஆராய்ச்சியாளர். டால் தொடக்கத்தில் ஐயுற்றது சிகரெட்டையன்று. மோட்டார் வண்டிப் புகையையும் சாலையில் இடும் தாரையுமே. எண்கள் அவர் எண்ணத்தை மாற்றின. தம் புகைப்பழக்கத்தையும் அவர் விட்டொழித்தார்.

அவருக்கு எவ்வாறு தெரியும்? ஒருமுறை நோயாளிகளிடம் பின்னோக்கி விசாரித்தும், மறுமுறை நலமாயிருந்த மருத்துவர்களை முன்னோக்கித் தொடர்ந்தும், இரு வழியிலும் ஒரே முடிவைக் கண்டார்கள்.

விடுபட்டது என்ன? புற்றுநோயாளி என்று தெரிந்தே விசாரித்ததால், கேட்டவர் மனச்சாய்வு விடையில் படிந்திருக்கலாம் என்பது நியாயமான தடை. அதையும் அவர்கள் சோதித்திருந்தனர். நுரையீரல் புற்றுநோய் என்று கருதி விசாரிக்கப்பட்டுப் பின்னர் அந்நோய் இல்லையென்று தெரிந்தவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தனர். அவர்கள் புகைப்பழக்கம் பிற நோயாளிகளின் பழக்கத்தையே ஒத்திருந்தது. கேட்டவர் சாய்வு காரணமாயின் அவ்வாறு இராது.

பேச்சை மாற்றினார்களா? இரண்டு செய்திகள் சேர்ந்திருக்கக் கண்டு காரணம் என்று தாவினார்களா? இல்லை. நாளொன்றுக்கு மிகுதியாகப் புகைப்பவரிடையே இறப்பும் மிகுதியாக இருந்ததைப் படிப்படியாகக் காட்டினர். பழக்கத்தை விட்டவரிடையே அது குறைந்ததையும் தொடர்ந்து வந்த ஆண்டுகளில் காட்டினர். நாரையைக் கூட்டினால் குழந்தை கூடாது, விரட்டினால் குறையாது.

அறிவுக்குப் பொருந்துகிறதா? பதினைந்து மடங்கு பெருகிய இறப்புக்கு, அதற்கு முந்திய காலத்தில் சிகரெட்டுப் பழக்கம் பெருகியதைவிடப் பொருத்தமான விளக்கம் வேறு எவராலும் காட்டப்படவில்லை.

ஐந்து வினாவுக்கும் ஐந்து விடையும் வந்துவிட்டன! இவற்றுட் பெரும்பாலானவை ஹஃப் சாட்சி சொன்ன நாளுக்கு முன்பே அச்சிலிருந்தவை. ஆகவே குற்றம் வினாக்களில் இல்லை. வினா எழுப்புவதையே முடிவாகக் கருதிவிட்டதில் இருக்கிறது. ஐயம் என்பது ஆய்வின் வாயில். வாயிலிலேயே நின்றுகொண்டு வீட்டுக்குள் ஒன்றுமில்லை என்று சொல்பவன், உள்ளே நுழையாமலே எல்லாம் இருக்கிறது என்று சொல்பவனைவிட எவ்வகையிலும் அறிந்தவன் அல்லன்.

மற்றொரு நூல்

இரண்டாம் நூல் 2020இல் பிரிட்டனில் வெளிவந்தது. பொருளியல் எழுத்தாளர் டிம் ஹார்ஃபர்டு எழுதியது. ‘உலகைக் கணக்கில் அடக்குவது எப்படி’ என்று அதன் பெயரை ஏறத்தாழத் தமிழாக்கலாம். பெயரிலேயே பழைய நூலுக்கு மறுமொழி இருக்கிறது. நாரைக் கதையையும் ஹஃப் சாட்சியத்தையும் டால், ஹில் ஆகியோரின் உழைப்பையும் முன்னிறுத்தியே ஹார்ஃபர்டு நூலைத் தொடங்குகிறார்.

பி.பி.சி. வானொலியில் 2001 முதல் ஒலிபரப்பாகிவரும், செய்தியில் அடிபடும் எண்களைச் சோதிக்கும் நிகழ்ச்சியை அவர் 2007 முதல் நடத்திவருபவர். அந்நிகழ்ச்சியின் பழக்கம் நூலிலும் படிந்திருக்கிறது. அதன் முதல் நடத்துநர் ஆண்ட்ரூ டில்நாட் எந்த எண்ணைக் கண்டாலும் ‘இது பெரிய எண்ணா?’ என்று கேட்கச் சொன்னவர். அந்த வினாவின் அருமை 2016இல் விளங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் பிரிட்டன் வாரந்தோறும் 35 கோடி பவுன் அனுப்புவதாக ஒரு சிவப்புப் பேருந்தில் எழுதி ஊரூராக ஓட்டினார்கள். தலைக்கு வகுத்தால் வாரத்துக்கு ஏறத்தாழ 5 பவுன். அன்றியும், செலுத்துமுன்னரே கழிக்கப்படும் தள்ளுபடியை அவ்வெண் மறைத்தது. தள்ளுபடி போக அனுப்பப்பட்டது ஏறத்தாழ 25 கோடியே. அக்காலத்தில் புள்ளிவிவர ஆணையத்தின் தலைவராயிருந்தவர் அதே டில்நாட். அவ்வெண் மக்களைத் தவறான கருத்துக்கு இட்டுச்செல்வது என்று அவர் வெளிப்படையாக அறிவித்தார். எண் பொய் என்று கூறி அவர் ஒதுங்கவில்லை. மெய் எது என்று கணக்கிட்டுச் சொல்ல வழி இருந்தது.

ஹார்ஃபர்டு வகுக்கும் விதிகளுள் முதலாவது, எண்ணைச் சோதிக்குமுன் தன் நெஞ்சைச் சோதி என்பது. தமிழ் மாணவர் முன்னேறினர் என்று ஒரு செய்தி வந்தால் தமிழர் மகிழ்ந்து கத்தரித்து வைத்துக்கொள்கின்றனர். பின்தங்கினர் என்று வந்தாலோ அன்றைக்கு எல்லோரும் கணக்கறிஞர் ஆகிவிடுகின்றனர். எத்தனை பேரைக் கேட்டார்கள், யார் கேட்டார்கள் என்ற வினாக்கள் மழைபோற் பொழிகின்றன. இரண்டு செய்திக்கும் ஒரே உரைகல்லைப் பயன்படுத்துபவர் எத்தனை பேர்? ஹஃப் பிறருடைய சூழ்ச்சியைக் காட்டினார். ஹார்ஃபர்டு படிப்பவருடைய விருப்பு வெறுப்பைக் காட்டுகிறார். இதுவே அவர் நூலின் தலையாய சிறப்பு.

எண்ணுமுன் எண்ணப்படுவது யாதெனத் தெரிந்துகொள் என்பது மற்றொரு விதி. பிரிட்டனில் இடத்துக்கு இடம் சிசு மரண விகிதம் வேறுபட்டதற்கு மருத்துவக் கவனிப்பைக் காட்டிலும் பதிவுமுறை ஒரு காரணமாயிருந்ததை அவர் விளக்குகிறார். மிகக் குறைமாதத்தில் பிறந்து உடனே இறந்த குழந்தையை ஓரிடத்தில் பிறந்து இறந்ததாகவும், மற்றோரிடத்தில் கருச்சிதைவாகவும் பதிந்தனர். சொல்லின் பொருள் மாறினால் எண்ணும் மாறும். சொற்பொருளாராய்ச்சியில் பழகிய தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. தம் கலையையே எண்ணிடத்தும் செலுத்தவேண்டும், அவ்வளவே.

இந்நூலிலும் குறை இல்லாமலில்லை. பத்து விதிகள் வகுத்து, அவற்றின்மேல் ஆர்வமுடன் தேடு என்று பதினோராவதாக ஒரு பொன்விதியும் சூட்டுகிறார். கதைகள் சுவையானவை, ஆனால் கதைக்குள் கதையாக விரிவதால் விதி மறந்து கதையே நினைவில் நிற்கிறது. சுருக்கத்தில் ஹஃப் முந்துகிறார். நேர்மையில் ஹார்ஃபர்டு முந்துகிறார். ஹஃப்பின் வினாக்களை ஹார்ஃபர்டின் மனத்தோடு கேட்பதே கற்றோர் கொள்ளத்தக்க வழி.

டால், ஹில் தொடங்கிய மருத்துவர் ஆராய்ச்சியின் ஐம்பதாண்டு முடிவு 2004இல் வெளிவந்தது. தொண்ணூறு வயதைக் கடந்த டாலும் அதன் ஆசிரியர்களுள் ஒருவர். வாழ்நாள் முழுதும் புகைத்தவர், புகைக்காதவரைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாக இறந்தனர் என்று அது காட்டியது. எண்களை நம்பாதே என்ற அறிவுரையைக் கேட்டுப் புகைத்தவர்கள் இழந்தது அந்தப் பத்து ஆண்டு.

யார் வாயில் பிறந்த சொல்லாயினும் அதன் உண்மையைத் தேடவேண்டும் என்பதை வள்ளுவர் அறிவுடைமையில் வைத்துக் கூறினார். கேட்கும் அறிவோடு தேடும் உழைப்பும் அதில் அடங்கும். மாணவன் கட்டுரையில் ‘இருமடங்கு’ என்று எழுதிவந்தால், ஒற்றுப்பிழைக்குச் சுழிப்பதுபோல் அதையும் சிவப்பு மையால் சுழித்து, ‘எதனுடைய இருமடங்கு?’ என்று ஓரத்தில் எழுதுவது ஆசிரியர் கடமை. அந்த விடையைத் தேடி வருமாறு அவனை நூலகத்துக்கு அனுப்புவது அதனினும் பெரிய கடமை. முதற்கடமையோடு நின்றுவிட்டால், ஹஃப் நின்ற இடத்தில்தான் அவ்வகுப்பும் நிற்கும்.